கிளீனிங் கம்பெனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கப் போகிறீர்களா? முதலில் ஒழுங்காக வெளியே வாருங்கள்

துப்புரவு நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்த எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கணக்கு மனதில் ஓடும். வாடிக்கையாளரிடம் கம்பெனி மணிக்கு இவ்வளவு வாங்குகிறது, நம் கைக்கு அதில் பாதிகூட வருவதில்லை. தரையைத் துடைப்பது நாம், கழிப்பறையைக் கழுவுவது நாம், வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நம்மைத்தான். பிறகு எதற்கு இன்னொருவருடைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அலைய வேண்டும்?

நியாயமான கேள்விதான். நானும் சூப்பர்வைசராக இருந்து, இதே கேள்வியோடு வெளியே வந்து, இப்போது சொந்தமாக நடத்துகிறேன். கிளம்புவதற்கு முன் நான் தேடியபோது கிடைத்த ஆலோசனை எல்லாம் லோகோ, விசிட்டிங் கார்டு, எந்த வாக்யூம் வாங்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. வாக்யூம் மோசமாக இருந்ததால் தொழிலை மூடியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பழைய முதலாளியின் வக்கீல் நோட்டீஸ் வந்து முடங்கியவர்களையும், விலையைத் தப்பாகப் போட்டு ஆறே மாதத்தில் திரும்ப வேலைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதில் பெரும்பகுதி கிளம்புவதைப் பற்றியும் விலைக் கணக்கைப் பற்றியும்தான் இருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கீழே சொல்வதைப் படித்துவிட்டு, உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் உங்கள் காகிதங்களைக் காட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கட்டணத்தைத் தொடக்கச் செலவுப் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள்.

1. கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்

வேலை நியமனக் கடிதம் மட்டும் போதாது. வேலை ஒப்பந்தம், பணியாளர் கையேடு, பதவி உயர்வின்போது கொடுத்த புதுக் கடிதம், பயிற்சிக்கு அனுப்பியபோது வாங்கிய கையெழுத்து, சாவி பெற்றுக்கொண்ட ரசீது, செயலியில் 'ஏற்கிறேன்' என்று அழுத்திய விதிமுறைகள் எல்லாம் வேண்டும். சூப்பர்வைசர் ஆன நாளில் நீட்டிய இரண்டு பக்கக் கடிதத்தில்தான் முக்கியமான கட்டுப்பாடுகள் ஒளிந்திருக்கும். சம்பளம் கூடிய மகிழ்ச்சியில் அதை யாரும் படிப்பதில்லை. நகல் இல்லையென்றால் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் கையெழுத்து உள்ள காகிதத்தின் நகலைக் கேட்பதற்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படிக்கும்போது தேட வேண்டியவை இவை. முதலாவது, வேலையை விட்ட பிறகு இதே தொழிலை இத்தனை மாதம், இந்தப் பகுதியில் செய்யக்கூடாது என்ற போட்டித் தடை. இரண்டாவது, கம்பெனியின் வாடிக்கையாளரை நாடிப் போகக்கூடாது என்ற விதி. மூன்றாவது, இதைவிடக் கடுமையானது: வாடிக்கையாளர் தானாக உங்களைத் தேடி வந்தாலும் வேலையை ஏற்கக்கூடாது என்பது. இந்த இரண்டுக்கும் ஒரு வரிதான் வித்தியாசம், ஆனால் உங்கள் முதல் வருட வருமானமே அந்த வரியில் தொங்கலாம். நான்காவது, சக பணியாளர்களை உங்களோடு அழைத்துப் போகக்கூடாது என்ற விதி. பிறகு ரகசியக் காப்பு, பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவது, முன்னறிவிப்புக் காலம், வேலையில் இருக்கும்போது பக்கத் தொழில் செய்ய அனுமதி வேண்டுமா என்பது.

காகிதத்தில் எழுதியிருப்பதாலேயே எல்லாம் செல்லுபடி ஆகிவிடாது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி, வேலையை விட்டபின் தொழில் செய்வதைத் தடுக்கும் விதி பொதுவாகச் செல்லாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் அப்படித்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 2021 அக்டோபர் 25 முதல் பெரும்பாலான பணியாளர்களோடு இப்படிப்பட்ட போட்டித் தடை ஒப்பந்தம் போடவே முடியாது. ஜெர்மனியில் போடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் கூடாது, தடை நீடிக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் குறைந்தது பாதியாவது முதலாளி கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில், நியாயமான அளவில் இருந்தால் நிற்கும், அளவு மீறினால் விழும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024இல், இப்படிப்பட்ட போட்டித் தடை ஒப்பந்தங்களையே நாடு முழுவதும் தடுக்கும் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வரும் முன்பே டெக்சஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே, "அமெரிக்காவில் இப்போது அதெல்லாம் செல்லாதாமே" என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள்.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. போட்டித் தடை செல்லாது என்று கேள்விப்பட்டவுடன் முழு ஒப்பந்தமும் செல்லாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரகசியக் காப்பு விதி தனி, வாடிக்கையாளர் விதி தனி. தொழில் செய்ய உங்களுக்கு முழு உரிமை இருக்கும் நாட்டிலும், பழைய கம்பெனியின் விலைப் பட்டியலை எடுத்துப் போனதற்காக உங்கள் மீது வழக்குப் போட முடியும்.

2. தலையில் இருப்பது வேறு, பெட்டியில் இருப்பது வேறு

கறை எடுக்கும் கை, ஒரு மாடியை எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்ற மதிப்பீடு, கோபமான வாடிக்கையாளரிடம் பேசும் விதம் எல்லாம் உங்களுடையவை. அவற்றை யாரும் பிடுங்க முடியாது. வாடிக்கையாளர் பட்டியல், யாருக்கு என்ன விலை, எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, சாவிப் பெட்டியின் எண், அலாரம் குறியீடு, வேலை அட்டவணை எல்லாம் கம்பெனியுடையவை.

இங்கிலாந்து வழக்குகள் இரண்டு இந்தக் கோட்டை நன்றாகக் காட்டுகின்றன. 1895இல் தீர்ப்பான ராப் எதிர் கிரீன் வழக்கில், ஒரு மேலாளர் வேலையில் இருக்கும்போதே முதலாளியின் வாடிக்கையாளர் பெயர்களை ரகசியமாகப் பிரதி எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தத் தொழில் தொடங்கினார். தோற்றார். 1986இல் தீர்ப்பான ஃபாக்செண்டா சிக்கன் வழக்கில், வேனில் கோழி இறைச்சி விற்கும் கம்பெனியின் விற்பனை மேலாளர் விலகி, அதே பகுதியில் அதே வியாபாரத்தைத் தொடங்கினார். சக ஊழியர்கள் பலரும் அவரோடு போனார்கள். வாடிக்கையாளர், விலை, வழித்தடம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் தடை விதி எதுவும் இல்லை, தெரிந்திருந்த விவரங்களும் தொழில் ரகசியம் என்ற அளவுக்கு இல்லை. கம்பெனி தோற்றது. வேலை பார்த்ததால் மனதில் தங்கியதும், திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்ததும் நீதிமன்றத்தின் கண்ணில் ஒன்றல்ல.

ஆகவே இப்போதிலிருந்தே சில கட்டுப்பாடுகள். கம்பெனிக் கோப்பு எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அட்டவணையைப் படம் பிடிக்காதீர்கள். நோட்டீஸ் வந்தவுடன் எதிர்த் தரப்பு முதலில் தேடுவது, நீங்கள் ராஜினாமா கொடுத்த நாளுக்கு முந்தைய வாரங்களில் எதை அனுப்பினீர்கள், எதை அச்சிட்டீர்கள் என்பதைத்தான்.

சொந்தக் கைபேசியிலேயே வாடிக்கையாளர்களோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அங்கே என்ன செய்வது? கிளம்பும்போது, "என் கைபேசியில் இந்த வாடிக்கையாளர் எண்கள் இருக்கின்றன, இவற்றை என்ன செய்ய வேண்டும்?" என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்துவிட்டு அழியுங்கள். அவர்கள் சொல்லாமல் நீங்களாக அழித்தால் தடயத்தை மறைத்த மாதிரி ஆகிவிடும். கம்பெனி கொடுத்த கைபேசியையும் 'ரீசெட்' செய்து கொடுக்காதீர்கள். உங்கள் தனிக் கணக்குகளிலிருந்து மட்டும் வெளியேறிவிட்டு அப்படியே கொடுங்கள்.

3. சம்பளம் வாங்கும் வரை அவர்களுடைய ஆள்

வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் திட்டமிடுவதைப் பெரும்பாலான இடங்களில் சட்டம் தடுப்பதில்லை. விலை விசாரிக்கலாம், பெயர் யோசிக்கலாம், வங்கியில் பேசலாம், பயிற்சி வகுப்புக்குப் போகலாம். இதெல்லாம் உங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில், சொந்தச் செலவில் நடக்க வேண்டும். பெயரைப் பதிவு செய்வதற்கு முன் மட்டும், பக்கத் தொழில் பற்றி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள்.

செய்யக்கூடாதவை: வாடிக்கையாளர் காதில் போட்டுவைப்பது, சக பணியாளரை அழைப்பது, கம்பெனிக்கு வந்த விசாரணையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வது, கம்பெனியின் இயந்திரத்தைக் கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை தனி வேலை செய்வது. சூப்பர்வைசர், மேலாளர் என்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கடமை இன்னும் கூடுதல்.

"அடுத்த மாதம் நானே தொடங்குகிறேன் அக்கா, உங்களுக்குக் குறைச்ச விலையில செய்றேன்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால் போதும். அந்த அக்கா நல்லெண்ணத்தோடு மேனேஜரிடமே அதைச் சொல்லிவிடுவார். அன்றே உங்கள் வேலை போகும், நோட்டீஸும் வரும்.

4. விலைக் கணக்கு: அந்தப் 'பாதி' எங்கே போகிறது

ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் இந்தக் கணக்கை எழுதுங்கள். எந்த நாணயமாக இருந்தாலும் சரி, ஒரு தொழிலாளிக்கு மணிக்கு 100 கூலி என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்டுவதற்கு மட்டும்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

எட்டு மணி நேரத்துக்கு 800 கொடுக்கிறீர்கள். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம், பொருள் ஏற்றி இறக்கும் நேரம், பூட்டிய கதவுக்கு வெளியே காத்திருக்கும் நேரம் போக, பில் போட முடிவது 6 மணி நேரம்தான். விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, விபத்துக் காப்பீடு என்று கூலிக்கு மேல் 15 சதவீதம் சேர்த்தால் 920. ரசாயனம், துணி, எரிபொருள், தொலைபேசி, இன்சூரன்ஸ் எல்லாம் நாளுக்கு 150 என்றால் 1,070. அதை 6ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 178. இதுவரை உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. வராத பணம், திரும்பப் போய்ச் செய்து கொடுக்கும் வேலை, இயந்திரம் பழுதாவது, உங்கள் லாபம் ஆகியவற்றுக்காக விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், மணிக்கு 223 கேட்க வேண்டும்.

அதாவது கூலியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய கம்பெனியும் ஏறக்குறைய அதைத்தானே வாங்கிக்கொண்டிருந்தது? "அவர்கள் 220 வாங்குகிறார்கள், நான் 150க்குச் செய்கிறேன்" என்று இறங்குகிறவர், தான் மட்டும் உழைக்கும் வரை தாக்குப்பிடிப்பார். முதல் ஆளை வேலைக்கு எடுத்த மாதத்தில் கைக்காசு கரையும். 150க்குப் பழகிய வாடிக்கையாளரிடம் பிறகு 220 கேட்கவும் வாய் வராது.

அடுத்தது, பணம் வரும் தேதி. வீடுகளில் பெரும்பாலும் வேலை முடிந்தவுடன் பணம் கிடைக்கும். அலுவலகங்களில் மாதக் கடைசியில் பில், அதிலிருந்து 30 நாள் தவணை. 1ஆம் தேதி தொடங்கும் வேலைக்கு முதல் பணம் 60ஆவது நாள்தான் வரும், தாமதித்தால் 75. அதற்குள் இரண்டு மாதக் கூலி உங்கள் பையிலிருந்து போயிருக்கும். அலுவலக ஒப்பந்தம் பிடிக்க ஆசைப்பட்டால், அந்த ஒப்பந்தத்தின் இரண்டரை மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வீட்டுச் செலவு அதில் சேராது, அது தனி.

தொலைபேசியிலேயே விலை சொல்லாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். முதல் முறை ஆழமாகச் சுத்தம் செய்வதற்கு ஒரு விலை, அதன்பின் வாராந்திர வேலைக்கு ஒரு விலை. முதல் நாள் வேலையையும் வாராந்திர விலைக்கே ஒப்புக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அடுப்பின் உட்புறம், வெளிப்புறக் கண்ணாடி, ஏணி வேண்டிய உயரம் என்று எவையெல்லாம் விலையில் சேராது என்பதையும் எழுதிக் கொடுங்கள். கட்டுமானம் முடிந்த புதுக் கட்டடத்தில் கண்ணாடி சுத்தம் செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். கடினமாக்கப்பட்ட கண்ணாடியின் பரப்பில் தயாரிப்பின்போதே நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளேடு வைத்துச் சுரண்டினால் அவை உருண்டு கீறிவிடும், பழி உங்கள் மேல் வரும். சுரண்டும் முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

5. பதிவு, வங்கி, இன்சூரன்ஸ்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் பெயர், அடுத்து தொழில் பதிவு, பிறகு வரிப் பதிவு, பிறகு தொழில் பெயரில் வங்கிக் கணக்கு, கடைசியில் அதே பெயரில் இன்சூரன்ஸ். அவசரத்தில் இன்சூரன்ஸைச் சொந்தப் பெயரில் எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் தொழில் பெயரில் கையெழுத்துப் போட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் இரண்டு பெயரும் பொருந்தாமல் இழுத்தடிப்பார்கள். பழைய கம்பெனியின் பெயர், நிறம், சின்னம் எதையும் நினைவூட்டாத பெயராக வையுங்கள். பெயர்க் குழப்பம் என்று தனியாக ஒரு வழக்கு வரும் அளவுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் மலிவானதைப் பார்த்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது, நீங்கள் ஈரமாக்கிய தரையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் காப்பாற்றும். ஆனால் நீங்கள் சுத்தம் செய்துகொண்டிருந்த பொருளே கெட்டுப்போனால், உதாரணமாகக் கம்பளம் சாயம் போனால், பல பாலிசிகளில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும். துப்புரவுத் தொழிலில் கெடுவது பெரும்பாலும் கையில் எடுத்த பொருள்தான்! அந்த விலக்கை நீக்கிக் கொடுக்கும் கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். சாவி தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அலுவலகக் கட்டடத்தின் பொதுச் சாவி ஒன்று தொலைந்தால் எத்தனை பூட்டு மாற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தக் காரில் பொருள் ஏற்றிப் போகிறவர்கள், அந்தக் காரின் இன்சூரன்ஸ் தொழில் பயன்பாட்டை ஏற்கிறதா என்றும் பாருங்கள். ஆள் வைத்தால் தொழிலாளர் விபத்துக் காப்பீடு பல நாடுகளில் கட்டாயம்.

அலுவலகங்கள் வேலை தரும் முன் கேட்பவை: பதிவுச் சான்று, வரி எண், இன்சூரன்ஸ் சான்று, பணியாளர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, ரசாயனங்களின் பாதுகாப்புத் தரவுத் தாள் (அந்தத் திரவத்தில் என்ன ஆபத்து, எப்படிக் கையாள்வது என்று சொல்லும் தாள்). எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பிடிஎஃப்பாக வைத்திருந்தால், கேட்ட அன்றே அனுப்பலாம். சின்ன ஆட்கள் பெரிய கம்பெனிகளை முந்துவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

6. ராஜினாமாவும் கடைசி நாட்களும்

கடிதம் நான்கு வரி போதும்: விலகுகிறேன், இன்றைய தேதி, முன்னறிவிப்புக் காலம், கடைசி வேலை நாள். காரணம் வேண்டாம், குறை வேண்டாம், எதிர்காலத் திட்டம் வேண்டாம். "என்ன செய்யப் போகிறாய்?" என்று நேரில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பிற்பாடு அந்தப் பொய்தான் உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். "சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறேன், ஒப்பந்தத்தில் உள்ளதை மதிப்பேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில கம்பெனிகள் கடிதம் கொடுத்த அன்றே "நாளையிலிருந்து வர வேண்டாம், முன்னறிவிப்புக் காலச் சம்பளம் வரும்" என்பார்கள். வேலை அன்றே முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லாதவரை, அந்த நாட்களிலும் நீங்கள் அவர்களுடைய பணியாளர்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்று அந்தச் சமயத்தில் வாடிக்கையாளர் பிடிக்கத் தொடங்கினால் அது ஒப்பந்த மீறல். முன்னறிவிப்புக் காலமே தராமல் வேலையை முடித்து உடனே அனுப்பிவிடும் வாய்ப்பும் உண்டு. சேமிப்பு தயாராக இல்லாமல் கடிதம் கொடுக்காதீர்கள்.

சாவி, நுழைவு அட்டை, யூனிஃபார்ம், கைபேசி, இயந்திரம், மீதமிருக்கும் ரசாயனம் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். வண்டியின் பின்பக்கத்தில் மறந்து கிடக்கும் பாதி டப்பா திரவம்கூட அந்தப் பட்டியலில் வர வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து கடைசி நாளன்றே வெளியேறுங்கள்.

கணக்கு முடிக்கும்போது ஒரு புதுக் காகிதம் நீட்டப்படலாம். "சும்மா ஃபார்மாலிட்டிதான், போட்டால்தான் செட்டில்மென்ட்" என்பார்கள். அந்தக் காகிதத்தில் நீங்கள் இதுவரை ஒப்புக்கொள்ளாத போட்டித் தடை புதிதாக நுழைந்திருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். உழைத்து முடித்த கூலியை இப்படிப் பிடித்துவைக்கப் பல நாடுகளில் முதலாளிக்கு உரிமை கிடையாது.

7. பொருள்கள்

இதைப் பற்றி வேலையில் இருந்த உங்களுக்கே தெரியும் என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். தரையைக் கழுவும் பெரிய இயந்திரங்களை முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள். மைக்ரோஃபைபர் துணிகளை நிறம் பிரித்து வாங்குங்கள். பல இடங்களில் சிவப்பு கழிப்பறைக்கும், பச்சை சமையலறைக்கும், நீலம் பொது இடங்களுக்கும் என்பது வழக்கம். துவைக்கும்போது துணி மென்மையாக்கி போட்டால் அவற்றின் உறிஞ்சும் தன்மை போய்விடும். அடர் திரவம் வாங்கிக் கலப்பதுதான் மலிவு. 1க்கு 100 என்றால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லி, கண்ணளவில் ஊற்றினால் செலவு இரட்டிப்பாகும். பளிங்கில் அமிலத் திரவம் படக்கூடாது, அரித்த தழும்பு போகாது.

பிளீச்சோடு அம்மோனியா கலந்தால் குளோரமைன் வாயு வரும், அமிலக் கழிப்பறைத் திரவம் கலந்தால் குளோரின் வாயு வரும். பழைய கம்பெனியில் இதைக் கவனிக்க ஒருவர் இருந்தார், இப்போது அந்த ஆள் நீங்கள். ஒவ்வொரு திரவத்துக்கும் 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பவரிடம் கேட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். சாவிகளில் முகவரி எழுதாமல் குறியீட்டு எண் மட்டும் எழுதுங்கள்.

8. முதல் வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருவார்கள்

பழைய கம்பெனி தொடாத வேலைகளிலிருந்து. நிரந்தர அலுவலக ஒப்பந்தம் செய்யும் கம்பெனியில் இருந்தீர்களா? வீடு மாறும்போது செய்யும் சுத்தம், கட்டுமானம் முடிந்த பின் செய்யும் சுத்தம், குறுகிய கால வாடகை வீடுகள் பக்கம் போங்கள். வீட்டு வேலை செய்யும் கம்பெனியில் இருந்தீர்களா? ஐந்து பத்துப் பேர் உள்ள சின்ன அலுவலகங்களைப் பாருங்கள். வீட்டுத் தரகர்கள், அடுக்குமாடி நிர்வாகிகள், சின்னக் கட்டட ஒப்பந்ததாரர்கள் ஆகியோரில் ஒருவர் பழக்கமானால் வேலை தொடர்ந்து வரும். போட்டித் தடையில் பகுதி குறிப்பிட்டிருந்தால், அந்த எல்லைக்கு வெளியே தொடங்குங்கள்.

"தொழில் தொடங்கியிருக்கிறேன்" என்று உங்கள் பக்கத்தில் பொதுவாக அறிவிப்பது பெரும்பாலும் சிக்கல் தராது. அதே செய்தியைப் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால் அது நாடிப் போவதாகும். பழைய வேலையில் எடுத்த 'முன்பு, பின்பு' படங்களை விளம்பரத்தில் போடாதீர்கள். அவை உங்களுடையவை அல்ல, யாருடைய வீடு என்ற சிக்கலும் உண்டு. தெரிந்த ஒருவரின் கழிப்பறையைக் குறைந்த விலைக்குச் சுத்தம் செய்து புதுப் படம் எடுத்துக்கொள்ளலாம். பழைய கம்பெனியைப் பற்றி வாய் திறக்காதீர்கள். துப்புரவுத் தொழிலில் மேனேஜர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள், நாளைக்கு அவர்களே அதிக வேலை வரும்போது உங்களுக்குத் துணை ஒப்பந்தம் தரக்கூடியவர்கள்.

9. பழைய வாடிக்கையாளர் தானாகக் கூப்பிட்டால்

கூப்பிடுவார்கள். நன்றாக வேலை செய்திருந்தால் கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள். முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் எந்த விதி இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கவே கூடாது என்ற விதி செல்லுபடியாகும் இடமென்றால், "இந்தத் தேதி வரை என்னால் முடியாது, அதன்பின் மகிழ்ச்சியாகச் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். நாடிப் போகக்கூடாது என்பது மட்டும்தான் என்றால், அவரே கூப்பிட்டார் என்பதற்கான செய்தியை, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பேச்சைத் தொடங்கியது யார் என்பதுதான் பின்னால் கேள்வியாக வரும்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரும் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். "எங்கள் பணியாளரை நேரடியாக வேலைக்கு வைத்தால், விலகி இத்தனை மாதத்துக்குள் என்றாலும், இவ்வளவு தொகை தர வேண்டும்" என்ற பிரிவு அதில் இருப்பது சகஜம். அவருக்கே அது நினைவில் இருக்காது. "உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்து, முறையாக முடித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். ஆனால் அவருக்காக ரத்துக் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். உதவி என்று நினைத்து எழுதிய அந்த ஒரு கடிதம், ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினீர்கள் என்பதற்குச் சான்றாகிவிடும்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஓர் அலுவலகத்தின் துப்புரவு ஒப்பந்தம் கம்பெனி மாறும்போது, அங்கே நிரந்தரமாக அந்த வேலைக்கென்றே இருந்த பணியாளர்கள், 2006ஆம் ஆண்டு நிறுவன மாற்ற விதிகளின்படி, அதே ஊதியம், அதே பணிக்கால உரிமைகளோடு புதுக் கம்பெனிக்கு மாறக்கூடும். விலை சொல்லும் முன் அங்கே எத்தனை பேர், எத்தனை வருடப் பணி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

10. நீங்கள் ஆள் எடுக்கும்போது

பழைய சக பணியாளர்கள் வந்து கேட்பார்கள். பணியாளர் தடை இருந்தால் அந்தக் காலம் முடியும் வரை பொறுங்கள். தடை இல்லாவிட்டாலும், பொது விளம்பரம் போட்டு, அதைப் பார்த்து அவர்கள் விண்ணப்பித்ததாகப் பதிவு இருக்கட்டும். மூன்று நான்கு பேர் ஒரே வாரத்தில் அங்கே விலகி உங்களிடம் சேர்ந்தால், எந்த முதலாளியும் சும்மா இருக்க மாட்டார்.

நீங்கள் எடுக்கும் ஆள்களில் கெட்டிக்காரர் ஒருவர் சில வருடத்தில் நீங்கள் போட்ட அதே கணக்கைப் போடத் தொடங்குவார். அவருடைய ஒப்பந்தத்தில் ஊர் முழுக்கத் தொழில் செய்யாதே என்று எழுதினால் பல நாடுகளில் நிற்காது, நல்ல ஆளும் கையெழுத்துப் போட மாட்டார். கடைசி 12 மாதத்தில் அவர் நேரடியாக வேலை செய்த வாடிக்கையாளர்களை, 6 மாதத்துக்கு நாடிப் போகக்கூடாது என்று குறுக்கி எழுதுங்கள். அதையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ஒரே ஆளை ஒரே வாடிக்கையாளரிடம் வருடக்கணக்கில் விட்டுவிடாமல், மாதம் ஒரு முறையாவது நீங்களே போய்த் தலையைக் காட்டுங்கள். பணியாளரை நேரடியாக எடுத்தால் தொகை தர வேண்டும் என்ற பிரிவை, முதல் வாடிக்கையாளரோடு போடும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதுப் பிரிவு சேர்க்கலாம் என்று போனால், "இப்போது எதற்கு இது?" என்று கேட்டுக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.